தரைக்கு ஒரு முழம் மேலே

ஆலடிக்குறிச்சிப் பந்தல்காரர் கொம்பையா தென்னை மரத்தில் பாதி உயரத்திலிருந்து இரண்டு கையையும் விட்டு, கீழே வராமல், விட்ட இடத்திலேயே நின்றுபோன அந்த ஆடி மாத அட்டமியில், அவர் மனைவி முப்பிடாதி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அவர் விழப்போகிறார் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வது அவளுக்குப் பழகிப்போன காரியம். மனுஷன் ஏணியிலிருந்து விழுவார், சாரத்திலிருந்து விழுவார், கோயில் கொடையில் வில்லுப்பாட்டு மேடையிலிருந்து விழுவார், நாலு பேர் சிரிப்பார்கள் என்று தெரிந்தால் நிற்கிற பஸ்ஸின் படியிலிருந்துகூட விழுவார். ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அவள் மட்டும் வீட்டுக்குப் போய்க் காயத்திருமேனித் தைலத்தைச் சுடவைத்து, சாயங்காலம் அவர் முனகிக்கொண்டு வரும்போது தோளுக்கும் முட்டிக்கும் தேய்த்துவிடுவாள். அன்றைக்கும் பையிலிருந்து தைலப் பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தொம்மென்ற சத்தத்துக்கும் அதன் பின்னால் வரும் சிரிப்புக்கும் காத்திருந்தாள். இரண்டும் வரவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டாரோ என்று பதறித் திரும்பினால், கொம்பையா வேட்டியை மடித்துக் கட்டியபடி, கடைசி பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“ஏட்டி முப்பிடாதி, விழ வர மாட்டேங்குட்டி,” என்றார் மேலிருந்து.

ஏணி வைத்து இறக்கினார்கள். ஏணியில் நல்லபடியாகத்தான் இறங்கினார். கடைசிப் படியைத் தாண்டித் தரையில் காலை ஊன்றப் போனபோதுதான், தரைக்கு ஒரு முழம் மேலேயே கால் நின்றுவிட்டது. நாலு பேர் தோளைப் பிடித்து அழுத்திப் பார்த்தார்கள், முதுகில் உப்பு மூட்டையை ஏற்றிப் பார்த்தார்கள், காலைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார்கள். அந்த ஒரு முழம் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது, எல்லாருக்கும் பசி. முதலில் சாப்பிடுவோம், பிறகு பார்ப்போம் என்று இலையைப் போட்டார்கள். கொம்பையாவுக்கு மட்டும் ஒரு ஸ்டூலின் மேல் இலை போட்டார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தது ஒரு சிரிப்புப் படம். கல்யாண வீட்டு வீடியோக்காரன் சேர்மக்கனிதான் டைரக்டர். சாணை பிடிக்கிறவனுக்கும் ஒரு கனவு இருக்கும்போது அவனுக்கு இருக்கக் கூடாதா? ஊரான் வீட்டுத் தாலிகட்டையே எத்தனை நாள்தான் படம்பிடிப்பது என்று ஒருநாள் அவனுக்குச் சலித்துப்போய், ரெண்டு மணி நேரத்துக்கு ஜனங்கள் சிரிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்தே தீருவேன் என்று கிளம்பினான். ஆனால் டைரக்டர் வீடியோக்காரன், சிரிப்பு நடிகர் பந்தல்காரர், கதாநாயகன் பரோட்டா மாஸ்டர் ராயப்பன். முகூர்த்த நாள் வந்தால் மூன்று பேருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. ஆகையால் ஊரில் யாரும் நல்ல காரியம் தொடங்காத நாளாகப் பார்த்து, அட்டமியில், நவமியில், கரிநாளில், ஆடியிலும் மார்கழியிலுமாகத்தான் படப்பிடிப்பு. அப்படி எடுத்தால் படம் எப்படி நகரும்? ஆரம்பிக்கும்போது கருகருவென்று இருந்த ராயப்பனின் மீசைக்கு இப்போது மை பூச வேண்டியிருந்தது. கதாநாயகியாக நடித்த பெண் பாதிப் படத்தில் கல்யாணமாகித் தூத்துக்குடிக்குப் போய் இரட்டைப் பிள்ளை பெற்றுவிட்டாள். அதற்குப் பிறகு வருகிற காட்சிகளில் கதாநாயகியின் முதுகு மட்டும்தான் தெரியும், அந்த முதுகு சேலை கட்டிய சேர்மக்கனியுடையது. காமிராவை அப்போது யார் பிடித்தார்கள் என்பது வேறு கதை.

மிச்சம் இருந்தது கடைசிக் காட்சி ஒன்றுதான். கல்யாணத்தை நிறுத்துவதற்காகத் தென்னை மரத்தில் ஏறி ஒளிந்திருக்கிற கல்யாணத் தரகராக நடிக்கும் கொம்பையா, முகூர்த்த நேரத்தில் பந்தியின் நடுவே விழ வேண்டும். விழுந்தால் கல்யாணம் நின்று, காதலர்கள் சேர்ந்து, படம் முடியும். அவர் விழவில்லை என்றால் படத்துக்கு முடிவே கிடையாது.

ஊர் என்ன செய்யும், பழகிக்கொண்டது. முதல் வாரம் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்டோ பிடித்து வந்து பார்த்தார்கள்; இரண்டாம் வாரம் அவருடைய காலுக்குக் கீழே குனிந்து ஏதாவது கம்பி இருக்கிறதா என்று கையை விட்டுத் துழாவினார்கள்; அதற்குப் பிறகு, கொம்பையா அண்ணாச்சி, இந்தப் பக்கமா போறியளா, அப்படியே எங்க வீட்டு முருங்கைக்காயைப் பறிச்சுப் போட்டுட்டுப் போங்க என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எந்த உயரத்தில் ஏணியை விட்டாலும் அந்த உயரத்திலேயே நடக்கிற மனுஷனால் ஊருக்கு ஆயிரம் உபயோகம். தெருவிளக்குக்கு பல்பு மாட்டினார், அரசமரத்தில் சிக்கிய கட்சிக் கொடியை எடுத்துக்கொடுத்தார், ஒட்டடை அடித்தார், ஓட்டின்மேல் காயப்போட்ட வடகத்தைக் காக்காயிடமிருந்து காப்பாற்றினார். குளிக்கிற மறைப்புக்கு மேலாகத் தலை தெரிகிறது என்று பெண்கள் சத்தம் போட்டார்கள். அதற்கும் ஊர்க்கூட்டம் போட்டு, இனிமேல் கொம்பையா தெருவில் வந்தால் சைக்கிள் மணி ஒன்றைக் கையில் வைத்து அடித்துக்கொண்டே வர வேண்டும் என்று தீர்ப்பானது. மணிச்சத்தம் கேட்டால் ஐஸ்காரரா கொம்பையாவா என்று குழந்தைகள் எட்டிப்பார்ப்பார்கள், ஐஸ்காரர் இல்லை என்றால் முகம் வாடி உள்ளே போய்விடுவார்கள்.

பந்தல் முதலாளிக்குத்தான் கொண்டாட்டம். சாரம் வேண்டாம், ஏணியை ஆள் பிடிக்க வேண்டாம், கொம்பையா அந்தரத்தில் நடந்து நடந்தே தோரணமும் சீரியல் பல்பும் கட்டி முடித்துவிடுவார். ஆவணி பிறந்ததும் மேற்கே தென்காசி வரைக்கும் அவரைக் கூப்பிட்டார்கள். வீட்டில் அரிசிப் பானை நிறைந்தே இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, தைல வாடை போய்விட்டது. முப்பிடாதி அந்தப் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து முதல் தடவையாக அவளுடைய உள்ளங்கை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் இருந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருக்கிறதே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

ஏனென்றால் அது எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். ஆகாத நாளில் மரமேறி விழப்போகிற மனுஷனுக்காக அன்றைக்கு ஆளாளுக்கு நேர்ந்துகொண்டார்கள். அண்ணனுக்கு அடிபடக் கூடாது, மொட்டை போடுகிறேன் என்று சேர்மக்கனி திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்தான். எலும்பு முறியாமல் காப்பாற்றும் என்று ராயப்பன் அந்தோணியார் கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றினான். முப்பிடாதி குளத்தங்கரை இசக்கியம்மனிடம் போய் நின்றாள். அடிபடாமல் விழ வேண்டும் என்று கேட்கத்தான் போனாள். ஆனால் அம்மன் முன்னால் நின்றபோது அத்தனை வருஷத்துத் தைலமும் முனகலும் ஒன்றாய்த் திரண்டு வந்து, “தாயே, இந்த மனுசன் இனி விழவே கூடாது, மண்ணுல ரெண்டு காலு செஞ்சு வைக்கேன்,” என்று வாயில் வந்துவிட்டது. அசதியில் கேட்ட வரம். இசக்கி சிடுமூஞ்சிக்காரி, கேட்டதற்கு மேலே ஒன்றும் தரமாட்டாள், கேட்டதில் ஒன்றும் குறைக்கவும் மாட்டாள்.

புரட்டாசி போய் ஐப்பசியும் வந்தது. கொம்பையா இளைத்துப்போனார். சாப்பாடு குறைந்து இளைக்கவில்லை. ஊரில் அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

முதலில் அவருக்கு அது புரியவில்லை. சந்தையில் வேண்டுமென்றே அந்தரத்தில் தடுக்கினார், கையைக் காலை உதறினார், பழைய மாதிரியே கண்ணை உருட்டினார். ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வழிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமைகளில் மஞ்சத் தண்ணீரை அவர் காலில் ஊற்றிக் கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் ஆரம்பித்தார்கள். குப்புறக் கவிழ்ந்து காட்டினால், அப்பனே என்றார்கள். தரையில் கிடக்கிறவனைப் பார்த்துத்தான் ஜனம் சிரிக்கும். ஒரு முழம் மேலே போனால் கும்பிடத்தான் தெரியும். கொம்பையா சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து மூலையில் நின்றுகொள்வார். காலையில் முப்பிடாதி அவருக்கு அடியிலேயே குனிந்து பெருக்குவாள். வெடிப்பும் ஆணியுமாக இருந்த அந்தப் பாதங்கள் பச்சைப்பிள்ளையின் பாதம் மாதிரி வெளுத்து, மெத்தென்று ஆகிவிட்டதைப் பெருக்கிக்கொண்டே பார்ப்பாள்.

ஒருநாள் சேர்மக்கனி வந்தான். அவனும் சோர்ந்துதான் போயிருந்தான்.

“மைனி, கொஞ்சம் தண்ணி குடுங்க. அண்ணே, மதுரையிலேருந்து ஒருத்தர் வந்திருந்தாரு. சாமிப் படம் எடுக்கணும்ங்காரு. நீங்க ஒன்னும் நடிக்க வேண்டாமாம், சும்மா நிக்கணுமாம். நம்ம படத்த அப்படியே திருப்பிப் போட்டுருவோமான்னு பாக்கேன். முடியாம கெடக்கதுக்கு, அப்படியாவது முடியட்டும்லா.”

கொம்பையா கையிலிருந்த சைக்கிள் மணியைப் பரணில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“ஏல சேர்மா, எங்க கல்யாணத்துல என்ன நடந்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமா? நீ அப்ப பொறக்கவே இல்ல. பந்தியில சாம்பார் பத்தலன்னு ரெண்டு வீட்டுக்காரனும் மல்லுக்கு நின்னுட்டான். எங்க மாமன் பொண்ண எந்திரிச்சு வான்னுட்டாரு. தாலி தட்டுல கெடக்கு. எனக்கு என்ன செய்யன்னு தெரியல. தோரணம் ஒன்னு அவுந்து தொங்குச்சு, நம்ம கை சும்மா இருக்குமா, மாப்பிளக் கோலத்தோட ஏணியில ஏறிட்டேன். ஏறுன வேகத்துல வழுக்கி, நேரா பாயாசச் சட்டிக்குள்ள உக்காந்துட்டேன். மொதல்ல சிரிச்சது எங்க மாமன்தான். ரெண்டு பக்கமும் சிரிச்சுட்டான். சிரிச்சவன் எப்படில சண்ட போடுவான்? அப்பத்தான் தாலி கட்டுனேன், பாயாசம் வடிய வடிய. அன்னைக்குத்தான் எனக்கு ஒரு வேலை தெரியும்னு எனக்கே தெரிஞ்சுது. கும்பிட்டவன் கும்பிட்டுட்டுப் போய் பக்கத்து வீட்டுக்காரன வெட்டிருவான்ல. எனக்கு அது வேண்டாம்.”

சேர்மக்கனி செம்பைக் கீழே வைத்துவிட்டு, “சரிண்ணே, மார்கழியில ஒருதடவ பாப்போம். அப்பயும் விழலன்னா காமிராவ வித்துட்டுக் கல்யாண வீட்டு வேலையையும் விட்டுருதேன்,” என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

முப்பிடாதி அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கல்யாணத்தன்று அவள் உள்ளறையில் தலைகுனிந்து அழுதுகொண்டிருந்தாள். வெளியே இடி மாதிரி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது, உடனே அவளைக் கூப்பிட்டு மணையில் உட்காரவைத்தார்கள். தன் கழுத்தில் கிடக்கிற தாலி எந்த விழுகையால் வந்ததோ அதைக்கூட அவள் பார்த்ததில்லை. ஆலடிக்குறிச்சியில் கொம்பையா விழுவதைப் பார்க்காத ஒரே ஜீவன் அவர் பெண்டாட்டிதான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது.

ஒரு நேர்ச்சையைச் செலுத்தாமல் அடுத்ததைக் கேட்கக் கூடாது என்பது இசக்கி கோயில் முறை. வேண்டாத வரமானாலும் வாங்கியது வாங்கியதுதான், சொன்ன காலை வைத்துவிட்டுத்தான் வாயைத் திறக்கலாம். நேர்த்திக்கு மண்ணில் உரு செய்கிற வேளாரிடம் போனாள். யார் காலோ அவர் காலை வாழைநாரால் அளந்து கொண்டுவந்தால்தான் செய்வேன் என்றார் அவர்.

“காலு உருவு நடக்க முடியாதவங்களுக்குல்லா வைப்பாங்க. ஒங்க வீட்டுக்காரரு ஊருக்கு மேலேயே நடக்காரே. அவருக்கு என்னத்துக்கு?”

“நீங்க செய்யுங்க வேளாரே. அவரு காலுக்குத்தான்.”

மறுநாள் காலையில் பெருக்கிக்கொண்டிருந்தவள், விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு, அவர் பாதத்தின் கீழ் உட்கார்ந்து நாரை வைத்து அளந்தாள். கொம்பையாவுக்குக் கூச்சம் தாங்கவில்லை.

“எதுக்குட்டி அளக்க?”

“செருப்பு வாங்கத்தான்.”

“தரையில பாவாத காலுக்கு என்னத்துக்குட்டி செருப்பு?”

அவள் குதிகாலிலிருந்து பெருவிரல் வரைக்கும் அளந்து முடிச்சுப் போட்டாள். அவள் தலைக்குமேலே அவர் சும்மா நின்றார். எத்தனையோ வருஷமாக அந்த உடம்பில் அடிபட்ட இடத்தை மட்டும்தான் தொட்டிருக்கிறோம், அடிபடாத இடத்தைத் தொட்டதே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. நார் நனைந்துபோகக் கூடாது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கார்த்திகை கடைசிச் செவ்வாயில் சுட்ட மண்கால் இரண்டையும் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு குளத்தங்கரைக்குப் போனாள். கனத்தது. போன மழையில் கரையெல்லாம் சேறு. மற்றவர்கள் வைத்த மண்பிள்ளைகளுக்கும் மண்கைகளுக்கும் நடுவில் இடம்பண்ணி அந்தக் கால்களை வைத்தாள்.

“தாயே, கேட்டதக் குடுத்துட்ட. ஒன் மேல குத்தமில்ல. வாங்கினவளுக்குத்தான் புத்தியில்ல. நான் அசந்துபோயிக் கேட்டுட்டேன். அசதி எனக்கு இப்பயும் போகல, பாத்துக்க. ஆனா அந்த மனுசன் நிக்கத என்னால பாக்க முடியல. அவர விழ விடு. அடிபட்டா நான் தேச்சுக்கிடுதேன்.”

பல்லி சொல்லவில்லை, பூ விழவில்லை, மணி அடிக்கவில்லை. இசக்கி முழித்த கண் முழித்தபடி இருந்தாள். முப்பிடாதி வீட்டுக்கு வந்து பார்த்தபோது கொம்பையா வழக்கம்போல ஒரு முழம் மேலே நின்று விட்டத்துப் பரணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கவிழ்த்துவைத்த தைலப் பாட்டிலை நிமிர்த்திக் கடையில் கொடுத்து நிறைத்து வாங்கிவந்தாள்.

மார்கழி நவமியன்று ஊரே தென்னந்தோப்பில் கூடிவிட்டது. பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள், பாதிப் பேர் சூடத்தட்டோடு வந்தார்கள். பந்தி போட்டு இலை விரித்து, விழுகிற இடத்தில் உமி மூட்டைகளை அடுக்கி மேலே சமுக்காளம் போர்த்தியிருந்தார்கள். ராயப்பன் மீசைக்கு மை பூசிக்கொண்டு மணவறையில் உட்கார்ந்தான். சேர்மக்கனி மொட்டைத் தலையோடு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு காமிராவுக்குப் பின்னால் நின்றான். அவன் முகத்தில் நம்பிக்கை என்று ஒன்றும் இல்லை. கொம்பையா வேட்டியை மடித்துக் கட்டி, ஏணியில் ஏறி, மரத்தின் பாதியில் போய் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“ஆக்சன்,” என்றான் சேர்மக்கனி, கடை சாத்துகிறவன் குரலில்.

கொம்பையா கையை விட்டார். நின்றார். அந்தரத்தில் அப்படியே நின்றார். கூட்டத்தில் யாரோ சூடத்தைப் பற்றவைத்தார்கள். சேர்மக்கனி காமிராவிலிருந்து தலையை எடுக்கப் போனான். முப்பிடாதி மடியில் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, பழகின கழுத்தல்லவா. பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் திரும்பவிடாமல், இமைக்காமல், மேலே தன் புருஷனையே பார்த்தாள். கொம்பையா அவளைப் பார்த்தார். அவள் தன்னைப் பார்க்கிறாள் என்பதைப் பார்த்தார். அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை, வாய் பிளந்தது.

அப்புறம் விழுந்தார்.

அவள் பார்த்தாள். முதலில் அவர் முகம், அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோனவர் முகமாக மாறியது. கால் இரண்டும் அங்கே இல்லாத ஒரு சைக்கிளை மிதித்தன. ஒரு கை காற்றில் எதையோ பிடிக்கப் போனது, இன்னொரு கை, உயிரே போனாலும் மானம் போகக் கூடாது என்று வேட்டியைப் பிடித்தது. அந்த இரண்டு கைக்கும் நடுவில் அவருக்கே எது முக்கியம் என்று தெரியாமல், உமி மூட்டையைத் தவறவிட்டு, சரியாகப் பாயாசச் சட்டியின் விளிம்பில் பட்டுச் சறுக்கி, விரித்த இலைகளின் மேல் வழுக்கிக்கொண்டே போய் மணவறைக்கு முன்னால் தொம்மென்று, தரையில், மண்ணில் உட்கார்ந்தார். தலைமேல் ஒரு அப்பளம் இருந்தது.

தோப்பில் சத்தமே இல்லை. சூடத்தட்டுக்காரி தட்டைத் தூக்குவதா கீழே வைப்பதா என்று தெரியாமல் நின்றாள். அந்த நிசப்தத்தில் முதலில் சிரித்தது முப்பிடாதி. அவளுக்கே அந்தச் சத்தம் யாருடையது என்று தெரியவில்லை. அடிவயிற்றிலிருந்து, வருஷக்கணக்காக அடைத்துக் கிடந்த சிரிப்பு, கண்ணீரும் மூக்குநீருமாகப் பீறிட்டு வந்தது. அவள் சிரித்ததும் ஊர் உடைந்துபோய்ச் சிரித்தது. கைகூப்பிய கிழவர் தென்னையைக் கட்டிக்கொண்டு சிரித்தார், பந்தல் முதலாளி தன் வியாபாரம் போன வருத்தத்தோடேயே சிரித்தார், ராயப்பன் மீசை மை கன்னத்தில் இறங்கச் சிரித்தான். இவ்வளவு அழகாக ஒரு மனுஷன் விழுவான் என்று தெரியாமல் இத்தனை காலம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோமே என்று அவளுக்கு ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் நிற்கவில்லை.

கொம்பையா தரையைக் கையால் தடவிப் பார்த்தார். ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்து பார்த்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

அப்போதுதான் சேர்மக்கனி தலையில் கைவைத்துக்கொண்டு காமிராவுக்குப் பின்னாலிருந்து வந்தான்.

“அண்ணே, மைனி, மன்னிச்சுக்கிடுங்க. சிரிச்ச சிரிப்புல காமிராவத் தட்டி விட்டுட்டேன். வெறும் வானந்தான் விழுந்திருக்கு. இன்னொரு தடவ…”

எல்லாரும் கொம்பையாவைப் பார்த்தார்கள். கொம்பையா முப்பிடாதியைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அவர் எங்கெங்கோ விழுந்திருக்கிறார், ஒருநாளும் அவளைக் கேட்டதில்லை.

“ஏட்டி,” என்றார், அப்பளத்தை எடுத்துக் கீழே வைத்துவிட்டு. “விழட்டுமா?”

முப்பிடாதி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். உடம்பெல்லாம் அசதியாக இருந்தது. எழுந்து போய் அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, பாட்டிலைத் திறந்து, உள்ளங்கையில் தைலத்தை ஊற்றினாள்.

“இருங்க, இத மொதல்ல தேச்சுவிடுதேன்,” என்றாள். “பொறவு விழுங்க. வலது பக்கமா, உமி மூட்டை மேல விழுங்க.”